பல் டாக்டர் இல்லாத ஊர்களில் சுகாதாரத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் நிஜமாகவே பலன் இருக்குமா?

இருக்கிறது. ஆனால் நான் முதலில் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

நான் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் படித்தவள். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துத் தன்னார்வலர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் வாய் நலப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். முதல் நாள் படுதோல்வி. ப்ரொஜெக்டர், அறுபது ஸ்லைடு, தேங்காய் சைஸில் ஒரு பிளாஸ்டிக் பல் செட், அதைத் துலக்கிக் காட்ட முழங்கை நீளத்துக்கு ஒரு பிரஷ். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே பின்வரிசை தூங்கிவிட்டது. தூங்காத ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "மேடம், ரெண்டு வேளை பல்லு வெளக்கணும்னு டிவியிலயே சொல்றாங்க. எங்க ஊர்ல ஒரு தாத்தாவுக்கு வாயே தொறக்க முடியல. கஞ்சியத்தான் ஊத்திக் குடிக்கிறாரு. அவருக்கு நான் என்ன பண்ணணும்?"

அறுபது ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை. அன்று மதியமே லேப்டாப்பை மூடிவிட்டேன்.

இந்தத் தன்னார்வலர்கள் யார் என்று தெரியாதவர்களுக்கு: 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. உள்ளூர்ப் பெண்கள் பிபி மெஷினும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், மாத்திரையும் கொடுத்துவிட்டு வருவார்கள். எந்த வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், யார் வெற்றிலை போடுகிறார், யார் குடிக்கிறார் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பல் டாக்டரான எனக்குத் தெரிவதெல்லாம் நாற்காலியில் வந்து உட்காரும் வாய் மட்டும்தான். அந்த நாற்காலி இருப்பதோ வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையத்தில். பல் வலிக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் அங்கே வருவார்கள்? வலி பொறுக்க முடியாமல் போனால் கிராம்பு வைப்பார்கள், போயிலை வைத்து அழுத்துவார்கள், பல்லில் புழு என்று கண்டங்கத்திரி விதைப் புகை பிடிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் பஸ் ஏறுவார்கள். அப்போது பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அடுத்த சுற்றில் பயிற்சியை "பார்ப்பது" என்ற ஒரே விஷயத்துக்குச் சுருக்கினோம். ஒரு டார்ச், ஒரு ஐஸ் குச்சி, கொஞ்சம் காஸ் துணி, கையுறை. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் பார்க்க வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு. அப்புறம் அமைதி. "ஏ, உனக்குக் கடைசிப் பல்லுல ஓட்டை இருக்குடி" என்று ஒரு குரல்.

குழந்தைகளிடம் பார்க்கச் சொன்னது முக்கியமாக ஒரே பல்லை. ஆறு வயதுவாக்கில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். ஆனால் எதுவும் விழாமல் முளைத்ததால் அம்மாக்கள் அதையும் பால் பல் என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் "விழுந்து மொளைக்கிற பல்லுதானே" என்று விட்டுவிடுவார்கள். பத்து வயதில் அதைப் பிடுங்கிய பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். முன்னிருந்து எண்ணி ஆறாவது பல், அது விழாத பல் என்பதை மட்டும் ஒரு தன்னார்வலர் ஊரில் சொல்லிப் பதிய வைத்துவிட்டாலே அந்தப் பயிற்சிக்கான செலவு தேறிவிடும் என்பேன்.

தருமபுரி என்பதால் இன்னொன்றும் இருந்தது. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால், முளைக்கும்போதே பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தக் கறையைச் சொத்தை என்று எண்ணி செங்கல் பொடி, சாம்பல் போட்டுத் தேய்த்து எனாமலையே தேய்த்துவிட்ட பெண்கள் உண்டு, அதுவும் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் வேகமாக. கறைக்கும் சொத்தைக்கும் வித்தியாசம் காட்டிக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர் வேண்டாம், குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எடுங்கள் என்று சொல்வதை நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கேட்கிறார்கள்.

பெரியவர்களிடம் பார்ப்பது வேறு. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா? காரம் பட்டால் எரிகிறதா? காஸ் துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, செந்திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா? அந்தத் தாத்தாவுக்கு ஒரு விரல்தான் நுழைந்தது. பாக்கு வருஷக்கணக்காக அவருடைய கன்னத்தின் உட்பக்கத்தை நாராக இறுக்கியிருந்தது.

டாக்டர் அல்லாதவர்கள் பார்த்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு, நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருவனந்தபுரத்தில் டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பி வாயைப் பார்க்க வைத்தார்கள். 2005-ல் முடிவு வெளியானபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. அதனால் நாங்கள் ஊர் முழுக்க வாய் பார்க்காமல், போயிலை போடுகிற வீடுகளில் இருந்தே தொடங்கினோம்.

சரி, இனி சிக்கலுக்கு வருகிறேன். பார்ப்பதை எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பார்த்தபின் அந்த ஆள் டாக்டரிடம் போய்ச் சேர்வதுதான் நடப்பதில்லை. இலங்கையில் 1980-களிலேயே 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஒரே வருடத்தில் 28,000 பேருக்கு மேல் வாயைப் பரிசோதித்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் மேல் பரிசோதனைக்குப் போகச் சொன்னவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் போனார்கள். திருவனந்தபுரத்திலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழேதான்.

எங்கள் கதையும் அதேதான். நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள் ரேஷன் கார்டுக்குள்ளும் காலண்டருக்குப் பின்னாலும் பத்திரமாக இருந்தன. ஒரு பாட்டிக்கு நாக்கின் ஓரம் வெள்ளைத் திட்டு. மூன்று சீட்டு கொடுத்தும் அசையவில்லை. அங்கே போனால் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயம். பல் வேருக்கும் கண் பார்வைக்கும் தொடர்பே இல்லை என்று நான் படம் வரைந்து காட்டினேன். பாட்டி என் படத்தை மதிக்கவில்லை. கடைசியில் தன்னார்வலர் அக்கா, "ஆயா, நானும் வரேன், பாக்க மட்டுந்தான் செய்வாங்க, புடுங்க வந்தா நான் கையப் புடிச்சுக்கறேன்" என்று பிபி மாத்திரை வாங்கும் நாளாகப் பார்த்துக் கூட்டி வந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் இருவருக்கும் செலவில்லை. (ஆண்களைக் கிளப்பத்தான் இன்றுவரை பாடு.) திட்டிலிருந்து சதை எடுத்துப் பார்த்தோம், புற்றுநோய் இல்லை. போயிலையை விட்டுவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். போயிலையைப் பாதிதான் விட்டிருக்கிறார்.

அதிலிருந்து சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டோம். எந்தக் கிழமை, எந்த டாக்டர், எந்த போன் நம்பர் என்பது முடிவான பிறகுதான் ஊரில் பார்ப்பதையே தொடங்குவோம். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு இடத்தில் பயிற்சி முடிந்து உற்சாகமாக ஆளனுப்பினார்கள். அங்கே கம்ப்ரசர் பழுது, மாதக்கணக்கில் நாற்காலியே இயங்கவில்லை. போனவர்கள் திரும்பி வந்து திட்டியது என்னை அல்ல. அந்தத் தன்னார்வலரைத்தான். அதன் பிறகு அவர் பிபி பார்க்கப் போனாலே "உன் பேச்சக் கேட்டு ஒரு நாள் கூலி போச்சு" என்றார்களாம்.

இன்னொரு கேள்வியும் வரும்: இவர்களையே சிகிச்சை செய்யவும் பழக்கலாமே? அலாஸ்காவின் பழங்குடிக் கிராமங்களில் பல் சிகிச்சையாளர்கள் பல் அடைக்கவும் பிடுங்கவும் செய்கிறார்கள். நியூசிலாந்தில் பள்ளிப் பல் செவிலியர் பயிற்சி 1921-லேயே தொடங்கியது. ஆனால் அவர்களுக்குப் பயிற்சி இரண்டு வருடம், தனி வேலை, தனிச் சம்பளம். இரண்டு நாள் பயிற்சியும் சொற்ப ஊக்கத்தொகையும் கொடுத்துவிட்டு அந்த எதிர்பார்ப்பை இவர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம். ஏற்கெனவே நிரப்ப வேண்டிய பதிவேடுகள் ஏராளம். நாங்கள் புதிதாக எதையும் நிரப்பச் சொல்லவில்லை, பிபி எழுதும் வரிக்குப் பக்கத்தில் "வாய்" என்று ஒரு டிக் மட்டும்.

நான் எதிர்பாராத ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் எழுந்து கேள்வி கேட்ட அதே அக்கா, சில மாதம் கழித்து போன் செய்தார். "மேடம், அம்லோடிபின் சாப்பிடுற மூணு பேருக்கு ஈறு பொதபொதன்னு வளந்து பல்லையே மூடுது. மத்த மாத்திரைக்காரங்களுக்கு அப்படி இல்ல. மாத்திரையாலயா?" சிலருக்கு அந்த பிபி மாத்திரையால் ஈறு வளரும் என்று நான் பாடப் புத்தகத்தில் படித்ததுதான். பயிற்சியில் சொல்லத் தோன்றவே இல்லை. மாத்திரையை யாரும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, மூவரையும் மருத்துவ அலுவலரிடம் காட்டினோம். ஒருவருக்கு மாத்திரையை மாற்றினார், மற்ற இருவருக்கும் நான் பல் சுத்தம் செய்ததிலேயே ஓரளவு அடங்கியது.

அடுத்த குழுவுக்குப் பயிற்சி நடந்தபோது அந்தப் பகுதியை அவரையே எடுக்கச் சொன்னேன். "நான் என்ன மேடம் டாக்டரா" என்று பின்வாங்கினார். அப்புறம் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, "இத உங்க ஊர்ல யாராரு சாப்பிடுறாங்க, மொதல்ல அதச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.