தொட்டும் சாய்ந்தும் கற்கும் நடனம்: கேள்வி-பதில்

கேள்வி: நான் எந்த நடனமும் பயின்றதில்லை. கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் எனக்கு வருமா?

பதில்: வரும். அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972-இல் தொடங்கிவைத்த இந்த வடிவத்தில் மனப்பாடம் செய்ய அடவுகள் இல்லை. இருவர் தொட்டுக்கொள்ளும் புள்ளி உடல்மீது உருண்டு நகர, எடையைக் கொடுத்தும் வாங்கியும் அந்தந்தக் கணத்தில் அசைவு பிறக்கிறது. நெடுங்காலம் நடனம் பயின்றவர்கள் அழகான தோற்றத்தைத் தேடும் பழக்கத்தை முதலில் விட வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தச் சுமை இல்லை.

கேள்வி: இணையர் இல்லாத நாட்களில் தனியாக எதைப் பயில்வது?

பதில்: சும்மா நிற்பதைப் பயிலுங்கள். பாக்ஸ்டன் 'சிறு நடனம்' என்று அழைத்த இந்தப் பயிற்சியை நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். பாதங்களை இடுப்பின் அகலத்துக்கு வைத்து, முழங்கால்களை இறுக்காமல், கண்களை மூடிப் பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். சிறிது நேரத்தில் எடை குதிகாலிலிருந்து விரல்களுக்கும், வலப்பாதத்திலிருந்து இடப்பாதத்துக்கும் நகர்வதும், நீங்கள் கட்டளையிடாமலேயே கணுக்காலின் தசைகள் மாறி மாறி இறுகித் தளர்ந்து உங்களை விழாமல் காப்பதும் தெரியத் தொடங்கும். தசைகளிலும் தசைநாண்களிலும் உள்ள உணர்விகளும், உட்காதின் சமநிலை உறுப்பும் இடைவிடாமல் அனுப்பும் செய்திகளுக்கு உடல் தரும் மறுமொழியே இந்த அசைவு. அதைத் திருத்த முயலாமல் கவனிப்பது மட்டுமே உங்கள் வேலை. இந்தக் கவனம் கூர்மையடைந்தால், இணையரின் தோளைத் தொட்டவுடன் அவர் எந்தக் காலில் நிற்கிறார் என்பதைக் கண்ணால் பாராமலே அறிவீர்கள்.

கேள்வி: நான் எடையைக் கொடுத்தால் இணையர் தடுமாறுகிறார். நான் பருமனாக இருப்பதுதான் காரணமா?

பதில்: இல்லை. தளர்ந்து சரிவதையும் எடை கொடுப்பதையும் ஒன்றாகக் கொள்வதே பெரும்பாலும் காரணம். சரிந்த உடல் மூட்டைபோல் தொங்குகிறது; அதைத் தாங்குபவர் கைவலிமையை நம்ப வேண்டியதாகிறது. எடை கொடுக்கும் உடலோ தன் முதுகெலும்பின் நீளத்தையும் தரையோடுள்ள தொடர்பையும் இழப்பதில்லை. முதுகோடு முதுகு சாய்ந்து நின்று, ஒரு மூச்சுக்குச் சிறிதளவாக எடையைக் கூட்டுங்கள். அவர் மூச்சை அடக்குவது உங்கள் முதுகில் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தாங்குபவர் முழங்கால்களை மடக்கி, வரும் எடையை இடுப்பு வழியாகத் தரைக்கு இறக்கினால், தம்மைவிடக் கனமானவரையும் தாங்கலாம்.

கேள்வி: விழுவதற்குப் பயமாக இருக்கிறது.

பதில்: தாழ்ந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். பாக்ஸ்டன் ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பயின்றவர். அதன் உருண்டு விழும் முறை இந்த நடனத்திலும் கலந்துள்ளது. கையை விறைப்பாக ஊன்றாமல், முன்கை, தோள், முதுகு என விழுகையைப் பரப்புங்கள்.

கேள்வி: அறிமுகமில்லாதவர் தொடும்போது கூச்சமாக இருக்கிறது. விலகினால் தவறாக எண்ணுவார்களா?

பதில்: எந்தக் கணத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம். உடல் சுருங்குவதும் கவனிக்க வேண்டிய செய்திதான். அதை அடக்கிக்கொண்டு ஆடினால் மற்ற உணர்வுகளும் மங்கிவிடும். தொடக்கத்தில் முன்கையும் புறங்கையும் மட்டும் தொட்டு ஆட விரும்புவதாக முன்பே சொல்லிவிடுங்கள்.