பெயர், த/பெ, பிரிவு

ஐயா,

நாங்கள் ஏழு பேர், கல்லூரி நண்பர்கள். மியான்மாரில் 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சிறையில் அடைக்கப்பட்ட அரசியல் கைதிகளை விடுவிக்கக் கோரி இணையத்தில் 3,400 கையெழுத்து வாங்கியிருக்கிறோம். மனுவை இணைத்திருக்கிறேன். ஒரு மாணவரின் படத்தை அவருடைய அக்காவின் படத்தோடும் ஊர்ப் பெயரோடும் போட்ட பிறகுதான் நிறையப் பேர் கையெழுத்திட்டார்கள். இப்போது எங்களில் ஒருவன், இப்படிச் சத்தம் போட்டால் உள்ளே இருப்பவருக்குத்தான் அடி கூடும் என்கிறான். உண்மையா? பேசாமல் இருப்பதே நல்லதா? ஹேஷ்டேக், கறுப்புப் பட்டை இவற்றால் பயன் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்த அக்காவின் படத்தை எடுங்கள். இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே எடுங்கள். ஊர்ப் பெயரையும்.

உள்ளே இருக்கும் பையனுக்குச் சிறை வாசலில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் அப்படி ஓர் அக்காதான். அவரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டால் மருந்தும் நின்றது, சாப்பாடும் நின்றது. 2021 பிப்ரவரியிலேயே தண்டனைச் சட்டத்தில் 505-ஏ என்ற பிரிவைச் செருகி, பேச்சுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று வைத்த ஆட்சி அது. அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 3,400 பேரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்கள், அந்த ஒருத்தியிடம் வாங்கவில்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் எல்லைக்கு அப்பால், முகம் தெரியாத ஒருவனுக்காகத் தேர்வு நேரத்தில் விழித்திருக்கும் ஏழு பேரை நினைத்தால் மனசு கனிந்துவிடுகிறது. அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். வேறொரு காரணமும் உண்டு. உங்கள் மனுவில் உள்ள பிழை என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆயிரக்கணக்கான அப்பாவிகளை விடுதலை செய்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருக்கும் பெயர் ஒன்றே ஒன்று. அதுவும் அரைகுறை. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெயரில் ஒரு சிறையிலேயே பலர் இருப்பார்கள். ஊ, கோ, மாங், தோ, மா என்று முன்னால் வருவதெல்லாம் மரியாதைச் சொற்கள். வயதையும் பேசுகிறவரையும் பொறுத்து அவை மாறும், சிறைப் பதிவேட்டில் அவை இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் 1988 மாணவர் போராட்டத் தலைவர் மின் கோ நைங் என்ற பெயரில் நடுவில் வரும் 'கோ' பெயரின் பகுதி, அதை வெட்டக் கூடாது. அவருடைய இயற்பெயரோ பாவ் ஊ துன். அதே போராட்டத்தில் வந்த, கோ ஜிம்மி என்று உலகம் அறிந்தவரின் பெயர் ஜோ மின் யூ. அந்த 'ஜோ'வை ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிப்பவர் 'க்யாவ்' என்பார். எழுத்தைப் பார்த்து ஒருவரும் காதால் கேட்டு இன்னொருவரும் பட்டியலிட்டால் ஒரே ஆள் இரண்டு வரிகளில் ஏறிவிடுவார். இரண்டு ஆட்கள் ஒரே வரியில் சுருங்கிப்போவதும் உண்டு. அப்படிச் சுருங்கியவரைப் பிறகு யாரும் தேட மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொருவருக்கும் இத்தனையும் வேண்டும்: பதிவேட்டுப் பெயர் பர்மிய எழுத்தில், அழைக்கும் பெயர், த/பெ, பிறந்த ஆண்டு, பிடித்த நாள், பிடித்த இடம், எந்தச் சிறை, எந்த நீதிமன்றம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு, உடல்நிலை, தகவலைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி. அடையாள அட்டை எண் கிடைத்தால் தனியே பூட்டி வையுங்கள், வெளியிடாதீர்கள். ஆளைப் பிரித்தறிய அதைவிட உறுதியான சான்று இல்லை. அவன் வீட்டைத் தேடி வருகிறவனுக்கும் அதுவே போதும்.

இதெல்லாம் குமாஸ்தா வேலை என்று தோன்றும். இதில்தான் ஆட்கள் வெளியே வந்தார்கள், இதில்தான் விடுபட்டும் போனார்கள். "எங்களிடம் அரசியல் கைதியே இல்லை, குற்றவாளிகள்தான் இருக்கிறார்கள்" என்று பல ஆண்டுகள் சாதித்தது அங்கே முன்பிருந்த ராணுவ அரசு. 2012 ஜனவரி 13இல் 651 பேரை விட்டார்கள். 2007இல் பிடிபட்டு, 2008 நவம்பரில் 65 ஆண்டு தண்டனை பெற்ற மின் கோ நைங் அவர்களில் ஒருவர். மீதி எத்தனை பேர் என்று கேட்டபோது ஆளுக்கொரு எண் சொன்னார்கள். 2013 பிப்ரவரியில் அரசே ஒரு பரிசீலனைக் குழு அமைத்தது. முன்னாள் கைதிகள் 2000இல் தாய்லாந்து எல்லையில் தொடங்கிய அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கத்தையும் அதில் சேர்த்தது. அந்த மேசையில் பெயர் பெயராகத்தான் பேச முடிந்தது. எதிரே இருப்பவர் "இவர் கொள்ளை வழக்கில் உள்ளே இருக்கிறார்" என்பார். கையில் வழக்கு எண்ணும் தீர்ப்பின் நகலும் இருந்தால் பதில் சொல்லலாம். "ஆயிரக்கணக்கான" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வீர்கள்?

சட்டப்பிரிவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 2013 டிசம்பர் கடைசியில் வந்த பொதுமன்னிப்பு பிரிவுகளைச் சொல்லியே வந்தது: ராஜத்துரோகம், சட்டவிரோதச் சங்கம், அவசரநிலைச் சட்டம் என்று. அரசியல்வாதி மேல் போதைப்பொருள் வழக்கோ திருட்டு வழக்கோ ஜோடித்திருந்தால் இப்படிப்பட்ட ஆணையில் அவர் அடங்க மாட்டார். அவருக்குத் தனிக் கோப்பு, தனி வாதம் வேண்டும். பட்டியலில் பிரிவு எழுதாவிட்டால் அவர் விடுபட்டது யாருக்கும் தெரியவே தெரியாது.

விடுதலை என்று செய்தி வந்த அன்று உங்கள் வேலை இரட்டிப்பாகும். 2023 ஜனவரி 4, சுதந்திர நாளன்று 7,012 பேருக்கு மன்னிப்பு என்று அறிவித்தார்கள். இப்படி வரும் எண்ணில் பெரும்பகுதி சாதாரணக் கைதிகள். அரசியல் கைதிகள் எத்தனை பேர் என்பதைக் குடும்பங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2021 அக்டோபரில் விட்டவர்களில் பலரைச் சில நாள்களுக்குள் மறுபடி பிடித்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 401ஆம் பிரிவின் கீழ் விடுவது நிபந்தனை விடுதலை. மறுபடி மாட்டினால் புதுத் தண்டனையோடு பழைய மிச்சத்தையும் கழிக்க வேண்டும். ஆகவே 'விடுதலை' என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடாதீர்கள். எந்தப் பிரிவில் விட்டார்கள், எத்தனை ஆண்டு மிச்சம் என்று எழுதுங்கள்.

சிறை வாசலில் நடப்பதையும் படிக்கத் தெரிய வேண்டும். கொரோனாவைச் சொல்லி 2020இல் குடும்பத்தார் கைதியை நேரில் பார்ப்பதை நிறுத்தினார்கள். அதன்பின் நெடுநாள் பொட்டலம்தான் ஒரே தொடர்பு. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கைதியின் கையெழுத்தோடு சீட்டு வந்தால் ஆள் அங்கே இருக்கிறார். "அப்படி யாரும் இல்லை" என்று திருப்பினால் வேறு சிறைக்கு மாற்றியிருக்கலாம், தனிக்கொட்டடியில் போட்டிருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருக்கலாம். திருப்பிய தேதியைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே எழுதத் தொடங்க வேண்டும்.

உங்கள் நண்பர் கேட்டதற்கு வருகிறேன். பிடித்த முதல் சில நாள்களில், ஆள் விசாரணை முகாமில் இருக்கும்போது, மௌனம்தான் கூடுதல் ஆபத்து. கவிஞர் கெட் தி 2021 மே மாதம் பிடிபட்ட மறுநாளே சடலமானார். அந்த நாள்களில் "விடுதலை செய்" என்று கேட்பது வீண். "எங்கே வைத்திருக்கிறீர்கள், எந்த மருத்துவர் பார்த்தார்?" என்று கேளுங்கள். ஆள் இருக்கும் இடமே தெரியாவிட்டால் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா. செயற்குழுவின் அவசர நடைமுறை மூன்று மாதத்துக்குள் நடந்தவற்றை எடுத்துக்கொள்ளும். இடம் தெரிந்த பிறகு தன்னிச்சைக் கைதுகளுக்கான ஐ.நா. செயற்குழு இருக்கிறது. உள்நாட்டு நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. வழக்கமான நடைமுறையில் அரசுக்கு 60 நாள் தவணை தருகிறது. தகவல் தந்தவரின் பெயரை அரசிடம் சொல்வதில்லை. முதல் நாள்கள் தாண்டிய பிறகு வெளியே பேசலாமா என்பதைக் குடும்பம் சொல்லட்டும். வேண்டாம் என்றால் பெயரில்லாமல் கோப்பை மட்டும் அனுப்புங்கள்.

ஹேஷ்டேக்கும் கறுப்புப் பட்டையும் உங்கள் விருப்பம். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. பணம் திரட்டி அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம். அந்நாட்டுப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் நிதிப் பிரிவில், வாங்கியவர்தான் மாட்டுவார்.

3,400 கையெழுத்தையும் ராணுவத் தலைமைக்கு அனுப்புவதில் பலனில்லை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். 2021 ஏப்ரலில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைவர்கள் மியான்மார் பற்றி ஒப்புக்கொண்ட ஐந்து அம்சங்களில் கைதிகள் விடுதலை இல்லை, கூட்டத் தலைவரின் அறிக்கையில் "கோரிக்கைகளைக் கேட்டோம்" என்பதோடு சரி. 2022 டிசம்பர் 21இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 2669ஆம் தீர்மானத்தில் விடுதலையைக் கோரியபோது சீனா, ரஷ்யா, இந்தியா மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அரசுகளை நகர்த்துவது அந்தந்த நாட்டு வாக்காளர்கள் கையில்தான் இருக்கிறது.

ஏப்ரல் நடுவில் அவர்களுடைய புத்தாண்டு வரும், அப்போது மன்னிப்பு அறிவிப்பது வழக்கம். மனுவில் உள்ள அந்த ஒரு மாணவரின் கோப்பையாவது பிப்ரவரி முடிவதற்குள் சரிசெய்யுங்கள். பதிவேட்டுப் பெயரும் த/பெயும் இல்லாமல் அனுப்ப வேண்டாம். அக்காவிடம் நேரடியாகப் பேசாதீர்கள், அந்த உதவிச் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், காத்திருங்கள்.