'ட்ரிக் ஆர் ட்ரீட்': சாம் யார் பக்கம்? கேள்வி பதில்

மைக்கேல் டோஹர்ட்டி எழுதி இயக்கிய 'ட்ரிக் ஆர் ட்ரீட்' படத்தைப் பற்றியும், அது கொண்டாடும் ஹாலோவீன் (அக்டோபர் 31 ராத்திரி பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்கும் நாள்) வழக்கங்களைப் பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள். 82 நிமிடம்தான். கீழே எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்திருக்கிறேன். இன்னொன்று: போஸ்டரில் இருக்கும் சாக்குமூட்டைத் தலைப் பையன் சாமைப் பார்த்துக் குழந்தைப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது போடவே வேண்டாம்.

கோவை நண்பர்: ஆந்தாலஜி படம் என்றாலே எனக்கு அலர்ஜி. ஒரு கதை நன்றாக இருக்கும், இரண்டு சொதப்பும். இதில் என்ன விசேஷம்?

பொதுவாக ஆந்தாலஜியில் ஒரு கதை முடிந்து, திரை இருண்டு, அடுத்தது ஆரம்பிக்கும். இங்கே எல்லாக் கதைகளும் ஒஹாயோ மாநிலத்தில் வாரன் வேலி என்ற கற்பனை ஊரில், ஒரே ராத்திரியில், அடுத்தடுத்த தெருக்களில் நடக்கின்றன. ஒரு கதையின் நாயகன் இன்னொரு கதையில் பின்னால் நடந்து போகிறவன்.

ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். பள்ளி முதல்வர் வில்கின்ஸ் கொல்லைப்புறத்தில் பிணத்தைப் புதைத்துவிட்டு நிற்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவர் க்ரீக் ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறார். வில்கின்ஸ் திட்டிவிட்டுப் போய்விடுகிறார். முதல் தடவை பார்க்கும்போது கிழவருக்குக் கிறுக்கு என்று நாமும் கடந்துவிடுவோம். கடைசிக் கதையில் அதே நிமிடத்தை க்ரீக்கின் அறைக்குள்ளிருந்து பார்க்கிறோம். அவருக்குப் பின்னால் என்ன நின்றது என்பது அப்போதுதான் தெரியும். ஒரு வீட்டில் நடக்கும் கொலை பக்கத்து வீட்டின் கொலையைக் கண்டுகொள்ளவே இல்லை! இந்தக் கோர்வைக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து போனில் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். ஒரே மூச்சில் பாருங்கள்.

திருச்சி வாசகர்: சில இடங்களில் 2007, சில இடங்களில் 2009 என்று போட்டிருக்கிறதே?

இரண்டும் சரி. 2007 அக்டோபரில் தியேட்டருக்கு வர வேண்டிய படத்தை வார்னர் பிரதர்ஸ் நிறுத்தி வைத்தது. அந்த டிசம்பரில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஒரு திரையிடல் நடந்தது. பிறகு சில விழாக்களில் ஓடியது. கடைசியில் 2009 அக்டோபரில் நேராக டிவிடியாக விட்டார்கள். விளம்பரம் இல்லாமலேயே வாய்வழியாகப் பரவி, அக்டோபர் வந்தால் போட்டே ஆக வேண்டிய படமாகிவிட்டது. 2022 அக்டோபரில்தான் அமெரிக்கத் தியேட்டர்களில் முறையாக வெளியானது. ஒரு நல்ல படத்தைப் பதினைந்து வருஷம் காக்க வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: மைக்கேல் மையர்ஸ் எந்தக் கதையில் வருகிறான்?

எதிலும் இல்லை. அவன் ஜான் கார்பென்டர் 1978-இல் எடுத்த 'ஹாலோவீன்' என்ற வேறு படத்தின் கொலைகாரன். ஆனால் க்ரீக்காக நடித்த பிரையன் காக்ஸின் தலைமுடியையும் மீசையையும் உற்றுப் பாருங்கள், கார்பென்டரைப் போலவே வைத்திருப்பார்கள்.

மதுரை நண்பர்: இரண்டாம் பாகம் எப்போது?

2013-இல் அறிவித்தார்கள். இன்னும் வரவில்லை.

ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா: படத்தில் முதல்வர் ஒரு பையனுக்கு விஷ சாக்லேட் கொடுக்கிறார். என் பிள்ளைகளும் வருஷா வருஷம் வீடு வீடாகப் போய்ப் பையை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். நிஜத்தில் இப்படி நடக்கிறதா அண்ணா?

பயப்படாதீர்கள் அக்கா. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958-இலிருந்து வந்த செய்திகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். முகம் தெரியாத ஒருவர் வாசலில் கொடுத்த விஷ இனிப்பால் குழந்தை செத்துப்போனதாக உறுதியான ஒரு சம்பவமும் அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 1974 டெக்சாஸ் வழக்கு. அதில் சயனைடு கலந்த மிட்டாயை மகனுக்குக் கொடுத்தது பெற்ற தகப்பனே, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. 1984-இல் அவனுக்கு மரண தண்டனையும் நிறைவேற்றினார்கள். டோஹர்ட்டியும் விஷத்தை ஒரு அந்நியன் கையில் கொடுக்கவில்லை. ஊருக்கே தெரிந்த, தன் பிள்ளையோடு வாசலில் உட்காருகிற முதல்வர் கையில் கொடுத்திருக்கிறார். அந்தக் காட்சியின் பயமே அதுதான்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது கார்களைப் பற்றி. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள், ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். கறுப்பு அங்கி போட்ட பிள்ளை இருட்டில் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. கையில் டார்ச் கொடுத்து அனுப்புங்கள். வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டிப் பாருங்கள். படத்தை மட்டும் அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம்.

சென்னை வாசகி: ஆரம்பக் காட்சியில் எம்மா செய்த தப்பு என்ன? பூசணி விளக்கை ஊதி அணைத்தாள், அவ்வளவுதான். அதற்குக் கொலையா? சாமை எல்லோரும் நீதிமான் மாதிரி கொண்டாடுகிறீர்கள்.

நான் கொண்டாடவில்லை. சாம் நீதிமானே இல்லை. அவனிடம் இருப்பது அந்த ராத்திரிக்கான நாலு சட்டம். வேடம் போடு. வந்தவருக்கு இனிப்புக் கொடு. நேரம் முடியும்முன் விளக்கை அணைக்காதே. கிடைத்த இனிப்பைச் சோதித்துப் பார். இதை மீறினால் வருவான், மீறாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். காட்டில் ஓநாய்ப் பெண்கள் வில்கின்ஸைத் தீர்க்கும் இடத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறானே, கவனித்தீர்களா? பிள்ளையைக் கொன்ற வில்கின்ஸை அவன் தொடவில்லை, தண்டித்ததும் அவனில்லை. வில்கின்ஸ் சாமின் சட்டங்களையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். செத்தவர்களை மதிக்க வேண்டிய ராத்திரி என்று அந்தப் பையனுக்குப் பாடம் எடுப்பதே அவர்தான்.

தூத்துக்குடி நண்பர்: அந்த வாசகிக்கு நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. படம் முழுக்கக் கெட்டவன்தான் அடிவாங்குகிறான். வில்கின்ஸ், க்ரீக், கல்குவாரியில் ரோண்டாவைப் பயமுறுத்திய பிள்ளைகள். இது நீதிக்கதைதான்.

அப்படியானால் ஷ்ரேடரை எங்கே வைப்பீர்கள்? கல்குவாரிக்குப் போன கூட்டத்தில் ரோண்டாவிடம் பிரியமாக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். தண்ணீரிலிருந்து செத்த பிள்ளைகள் எழுந்து வரும்போது அவனும் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான். ரோண்டா அவனையும் விட்டுவிட்டு மேலே போய்விடுகிறாள். நீதிக்கதை என்றால் அவன் பிழைத்திருக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்த கடைசிப் பூசணியை ஏரிக்குள் உதைத்தவள் மேஸி. அதோடு ரோண்டாவைத் தவிர அங்கிருந்த எல்லோருடைய கதையும் முடிந்தது.

அதே தூத்துக்குடி நண்பர்: ஷ்ரேடர் சரி. க்ரீக்? முப்பது வருஷத்துக்கு முன்னால் காசு வாங்கிக்கொண்டு, மனநலம் குன்றிய எட்டுப் பிள்ளைகளோடு பஸ்ஸைக் குவாரிக்குள் விடப்போன டிரைவர் அவர்தானே? அவரைச் சாம் தேடி வந்தது தண்டனை இல்லாமல் வேறென்ன?

நல்ல கேள்வி. இத்தனை பேர் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சாம் க்ரீக்கின் வீட்டுச் சுவரில் கிறுக்கி வைத்திருப்பது சாப்பிட ஏதாவது கொடு என்ற ஹாலோவீன் பாட்டு வரி. பஸ்ஸைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. க்ரீக் வீட்டு விளக்கை அணைத்துப்போட்டு, வந்த பிள்ளைகளை நாயை விட்டு விரட்டி, அவர்கள் விட்டுப்போன மிட்டாயையும் எடுத்துக்கொண்டவர். சாம் வந்தது அதற்காக. கடைசியில் குத்துவதற்குக் கையை ஓங்குகிறான். அந்தக் குத்து க்ரீக்கின் நெஞ்சில் ஒட்டியிருந்த சாக்லேட் பாரில் இறங்குகிறது. சாம் அதை எடுத்துக் கடித்துப் பார்க்கிறான். இனிப்பு கிடைத்துவிட்டது. கிழவரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான். எட்டுப் பிள்ளைகளைக் கொன்றவரை ஒரு சாக்லேட்டுக்காக விட்டுவிடுகிறவன் நீதிமானா?

பஸ் கணக்கைத் தீர்க்க வருகிறவர்கள் வேறு. உடம்பெல்லாம் கட்டுப்போட்டுக்கொண்டு க்ரீக் வாசலுக்கு வந்து இனிப்புக் கொடுக்க ஆரம்பிக்கிறார். சாமின் சட்டத்துக்கு அடங்கிவிட்டார். அடுத்த முறை கதவு தட்டப்பட்டுத் திறந்தால் நிற்பது அந்தப் பஸ் பிள்ளைகள். சாமோடு கணக்கு நேரானதால் அவர்களுடைய கணக்கு தீர்ந்துவிடவில்லை. டோஹர்ட்டி இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதால்தான் இந்தப் படம் மேல் எனக்கு இத்தனை மரியாதை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: இந்தப் பூசணி விளக்கு வழக்கம் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும். அங்கே பூசணி கிடையாது, டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த ராத்திரியில் செத்தவர்கள் நடமாடுவார்கள் என்ற நம்பிக்கை. அந்த ராத்திரியின் ஐரிஷ் பெயர் 'சாவின்' (எழுதுவது Samhain என்று), நம் சாமின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். குடியேறியவர்கள் அமெரிக்கா போனபோது குடைய லேசான பூசணி கையில் கிடைத்தது. அயர்லாந்தின் மேயோ பகுதியில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பழைய டர்னிப் விளக்கின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய கன்னம், குச்சி குச்சியாய்ப் பல். படத்தைத் தேடிப் பாருங்கள், சாக்கைக் கழற்றிய சாமைவிட அது பயங்கரம்.

சேலம் வாசகர்: என் பையனுக்குப் பத்து வயது. தைரியசாலி. பார்க்கலாமா?

வேண்டாம். மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் (பதினேழு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை வேண்டும்) வாங்கிய படம் இது, குழந்தைகள் சாகிறார்கள். டோஹர்ட்டி 1996-இல் வரைந்த 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' என்ற சின்ன அனிமேஷன் இருக்கிறது, சாம் முதன்முதலில் வந்தது அதில்தான். முதலில் நீங்கள் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: பார்ட் டூ வருமா ப்ரோ?

மதுரை நண்பருக்குச் சொன்ன பதில்தான். மேலே பாருங்கள்.

சென்னை வாசகி மறுபடி: எம்மாவைச் சாம் கொன்ற பிறகுதானே க்ரீக் வீட்டுக்குப் போகிறான்?

இல்லை, முன்பின்னாக இருக்கிறது. முதலில் காட்டினாலும் எம்மாவின் சாவு அந்த ராத்திரியின் கடைசியில் நடப்பது. க்ரீக் வீட்டிலிருந்து வெளியே வரும்போதுதான் எதிர் வீட்டில் எம்மா விளக்கை ஊதுவதைச் சாம் பார்க்கிறான். ரோண்டா வண்டியை இழுத்துக்கொண்டு போவதும் அதே தெருவில்தான். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.