அன்னிக்கி மட்டும் இன்னா மிஸ்?

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன். அரசியல் காரணம், சமூகக் காரணம், பொருளாதாரக் காரணம், தத்துவஞானிகளின் பங்கு என்று வழக்கம்போல் பலகையில் எழுதினேன். ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும் என்றும் சொன்னேன்.

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்தான். “பசி, வரி எல்லாம் நூறு இருநூறு வருசமா கீதுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப அன்னிக்கி மட்டும் இன்னா மிஸ்?” என்றான். வகுப்பே சிரித்தது. “ஞானிகள் எழுதியதைப் படித்து விழிப்பு வந்தது” என்றேன். “அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க” என்றான். என்னிடம் பதில் இல்லை. அடுத்து ஒரு பெண் கேட்டாள்: “அந்த ராஜா ரொம்பக் கெட்டவரா மிஸ்?” அதற்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர், “இதையெல்லாம் ரொம்பக் கிளறாதம்மா, அப்புறம் நம்மகிட்டயே புரட்சி பண்ணுவானுங்க” என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனாலும் யோசனையாக இருக்கிறது. மக்கள் ஏன் மன்னனை எதிர்த்து எழுகிறார்கள் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வரலாற்றறிஞர்கள் இருநூறு வருஷமாக அடித்துக்கொள்ளும் கேள்வி அது. கடைசி பெஞ்சா முதல் பெஞ்சா என்று நீங்கள் எழுதவில்லை. கடைசி என்றே நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்த பதிலைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருவிலிருந்து எடுத்தேன். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். தண்ணி லாரிக்காக ராத்திரி பதினோரு மணிக்கே வரிசையில் குடம் வைத்துவிடுவார்கள். குடம் களவு போய்விடும் என்று பயந்தவர்கள் செங்கல்லையோ பழைய செருப்பையோ வைப்பார்கள். அந்தச் செருப்பை யாரும் நகர்த்த மாட்டார்கள், அதற்கு அவ்வளவு மரியாதை. ஒரு நாள் லாரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. வெயிலைத் திட்டினார்கள், மழையைத் திட்டினார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. வழிய வழியத் தண்ணீரோடு வந்து, எங்கள் வரிசையைத் தாண்டி, தெருக்கோடியில் இருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனது. அங்கே கேட் திறக்கவில்லை போல, டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். என் அம்மா தெருவில் உரக்கப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அவள் போய், இடுப்பிலிருந்த பச்சைக் குடத்தை இறக்கி ரோட்டு நடுவில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அடுத்து எதிர்வீட்டு அக்கா ஒரு குடம் வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் ரோடு முழுக்கக் குடம். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

ரெண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மூணாம் நாள் ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “தண்ணி இல்லன்னா இல்ல, அதுக்கு யாரைப் போய் இன்னான்றது? இருந்துச்சேடா” என்றாள்.

உங்கள் பையனுக்கு இந்த ‘இருந்துச்சே’வைச் சொல்லிப் பாருங்கள். 1709-இல் பிரான்ஸில் கொடும் குளிர். ஆறுகள் உறைந்தன, விதை மண்ணுக்குள்ளேயே செத்தது, லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அங்கங்கே கலகம் நடந்தது, ஆனால் பதினான்காம் லூயியின் சிம்மாசனம் அசையவில்லை. 1788 ஜூலை 13 அன்று பெரிய ஆலங்கட்டி மழை அடித்து விளைச்சல் கெட்டது, அடுத்து வந்த குளிர்காலமும் மோசம். பாரிஸில் நாலு பவுண்டு எடையுள்ள ரொட்டி 1789 பிப்ரவரியில் பதினாலரை சூ விலைக்கு ஏறியது. சூ என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சில்லறைக் காசு. கூலித் தொழிலாளி ஒருவரின் நாள் சம்பளம் இருபதிலிருந்து முப்பது சூ. இதைப் பிள்ளைகளிடம் கணக்காகப் போடச் சொல்லுங்கள்: அப்பா வாங்கி வரும் கூலியில் ஒரே ஒரு ரொட்டிக்கு எவ்வளவு போகிறது, வாடகைக்கும் விறகுக்கும் என்ன மிஞ்சுகிறது என்று.

ஆனால் இதுவும் பசிதான், பையன் ஏற்கெனவே தள்ளிவிட்ட காரணம். 1789-இல் கூடுதலாக இருந்தது வேறு. நிலப்பிரபுவின் களஞ்சியத்திலும் மடத்தின் களஞ்சியத்திலும் தானியம் கிடந்தது. குடியானவனே வரியாகவும் தசமபாகமாகவும் அளந்து கொட்டிய தானியம் அது. பதுக்குகிறார்கள் என்று ஊர் ஊராக வதந்தி ஓடியது. எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்பது வேறு விவகாரம். லாரி கண்ணெதிரே போய்விட்டது.

இதற்கும் மேல் ஒன்று நடந்தது. பாடம் நடத்தும்போது இதில்தான் நிறைய நேரம் செலவழிப்பேன். மன்னன் பதினாறாம் லூயியே மக்களிடம், “உங்கள் குறை என்ன, எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டான்.

கருணையால் கேட்கவில்லை, கஜானா காலி. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குக் கொட்டிய பணமும் பழைய கடனுமாகச் சேர்ந்து, அரசின் செலவில் ஏறக்குறையப் பாதி வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. புது வரி போட வேண்டுமென்றால் மதகுருக்கள், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவினரின் பிரதிநிதிகளும் கூடும் பொதுச்சபையை, 1614-க்குப் பிறகு கூட்டவே கூட்டாததை, கூட்டியாக வேண்டும். அதற்கு முன்னேற்பாடாக ஊருக்கு ஊர் குறை ஏடு எழுதச் சொன்னார்கள். 1789 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான கிராமங்களில் குடியானவர்கள் கூடி உட்கார்ந்து, எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ‘படிக்கத் தெரியாதவங்க’ என்ற பையனின் மடக்குக்கு இங்கே பதில் இருக்கிறது. சொல்லத் தெரிந்தால் போதும், எழுத ஒருவர் இருந்தார். டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்ட காலம் நம் ஊரிலும் இருந்ததே.

என்ன எழுதினார்கள்? சுதந்திரம், சமத்துவம் என்று எழுதியிருப்பார்கள் என்று நினைப்போம். உப்பு என்று எழுதினார்கள், புறா என்று எழுதினார்கள்.

புறாவை விடாதீர்கள் டீச்சர். உங்கள் வகுப்பில் மொட்டைமாடியில் புறாக்கூண்டு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருக்கும். பிரான்ஸின் பல பகுதிகளில் புறாக்கூண்டு வைக்கும் உரிமை நிலப்பிரபுக்கு மட்டும்தான். அந்தப் புறாக்கள் குடியானவன் விதைத்த விதையைக் கொத்தித் தின்னும். அவன் அதன் மேல் கல்லெறிய முடியாது, விரட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 1789 ஆகஸ்டில், அந்தப் பொதுச்சபையிலிருந்து பிறந்த தேசிய சபை பழைய பிரபுத்துவ உரிமைகளை ஒழித்துச் சட்டம் போட்டபோது, அதன் இரண்டாவது பிரிவே புறாக்கூண்டைப் பற்றியது. வடசென்னைப் பிள்ளைகள் புறாப் பந்தயத்தைப் பற்றி உங்களுக்கு வகுப்பெடுப்பார்கள். எடுக்கட்டும், பத்து நிமிஷம் போனால் போகிறது.

உப்புக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. பேசின் பிரிட்ஜ் பக்கம் சால்ட் கோட்டர்ஸ் என்று ரயில்வே யார்டு இருக்கிறதல்லவா? அந்தப் பெயரில் இருக்கும் சால்ட் உப்பேதான், உப்புக் கொட்டி வைத்த இடம். வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டதும் 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்து போனதும் பிள்ளைகளுக்குத் தெரியும். பிரான்ஸின் உப்பு வரி அதைவிடக் குரூரமானது. வரி அதிகமாக இருந்த மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஏறக்குறைய ஏழு கிலோ உப்பை அரசு வைத்த விலைக்கு வாங்கியே ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கிய உப்பைச் சமையலுக்குத்தான் போடலாம், இறைச்சியை உப்புக்கண்டம் போட்டால் குற்றம். அதற்குத் தனியாக வாங்க வேண்டும். கருவாடு போடும் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகத்தைப் பாருங்கள்.

சின்னக் குறை என்று நாம் நினைப்பதில்தான் சமாச்சாரம் இருக்கிறது. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள், பிறகு அவர்களுக்குச் சங்கம் தொடங்கிய பி.பி. வாடியாவிடம் போய்ச் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்கிற குறை. அந்த வருஷம் ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. உங்கள் பிள்ளைகளில் சிலருடைய கொள்ளுத்தாத்தா அந்த மில்லில் வேலை பார்த்திருக்கக்கூடும், வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். அதன்பின் வந்த வேலைநிறுத்தங்களின் கதை நீளமானது, இங்கே வேண்டாம்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்வி. பதினாறாம் லூயி கெட்டவனா? இல்லை என்றே சொல்லுங்கள். அவன் தாத்தாவோடு ஒப்பிட்டால் சாது. பூட்டு செய்வதில் ஆசை, வேட்டையில் ஆசை. அந்தக் குறை ஏடுகளில் மன்னன் வேண்டாம் என்று எழுதியவர்கள் அநேகமாக இல்லை. ‘எங்கள் நல்ல அரசர்’ என்றுதான் எழுதினார்கள். அரசர் நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் சரியில்லை என்ற நம்பிக்கை. இது நமக்கு நன்றாகப் பழகிய நம்பிக்கை, தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம்.

அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு நம்மிடம் வாருங்கள். கண்ணகி மன்னனைக் கேள்வி கேட்டாள், மன்னன் செத்தான், மதுரை எரிந்தது. பிறகு என்ன ஆயிற்று? கொற்கையிலிருந்து வெற்றிவேற்செழியன் வந்து அரசனானான். கண்ணகிக்குச் சாந்தி செய்வதாக ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். தவறு செய்த பொற்கொல்லன் ஒருவன், கழுத்தைக் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர். சிம்மாசனம் அப்படியே இருந்தது. அரசன் மேல் கோபம் வருவது பழைய விஷயம், எல்லா நாட்டுக் கதையிலும் இருக்கிறது. அரசன் என்ற நாற்காலியே எதற்கு என்று கேட்பது வேறு. பிரெஞ்சுக்காரர்களுக்கும் அந்தக் கேள்வி ஒரே நாளில் வரவில்லை, மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்த மூன்று வருஷத்தை மீன்காரப் பெண்களிலிருந்து ஆரம்பியுங்கள். 1789 ஜூலையில் மக்கள் கைப்பற்றிய பாஸ்டில் சிறைக்கோட்டைக்கு முதலிடம் கொடுக்க எனக்கு மனசில்லை. அங்கே போனவர்கள் வெடிமருந்து தேடிப் போனார்கள், உள்ளே இருந்த கைதிகள் மொத்தம் ஏழு பேர். 1789 அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸ் சந்தைப் பெண்கள், அவர்களில் மீன் விற்பவர்கள் முன்னணியில், ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், கொட்டும் மழை, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். காசிமேட்டிலிருந்து பரங்கிமலை வரை என்று சொல்லுங்கள், தூரம் காலுக்குத் தெரியும். பண்டிகை நாளில், இளவரசன் பிறந்த நாளில் அரண்மனைக்குப் போய் வாழ்த்தும் வழக்கம் பாரிஸ் மீன்காரிகளுக்கு ஏற்கெனவே உண்டு. அவர்களுக்கு வாயும் ஜாஸ்தி, யாரிடமும் கூச்சமில்லை. இதை உங்கள் வகுப்பில் விளக்க வேண்டியிருக்காது.

அவர்கள் மன்னனை இறக்கவில்லை. மறுநாள் குடும்பத்தோடு பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், ‘ரொட்டிக்காரன், ரொட்டிக்காரி, ரொட்டிக்காரப் பையன்’ என்று சொல்லிக்கொண்டே. வழியில் காவலர் இருவரின் தலைகள் ஈட்டியில் போயின, அதையும் மறைக்காதீர்கள். ஆனால் ராஜா பக்கத்தில் இருந்தால் ரொட்டி கிடைக்கும் என்று அப்போதும் நம்பினார்கள். அந்த ராஜா 1791 ஜூன் மாதம் ராத்திரியோடு ராத்திரியாக வேலைக்காரன் வேஷத்தில் குடும்பத்தோடு தப்பி ஓடி, வாரென் என்ற சின்ன ஊரில் பிடிபட்டான். போகும்போது புரட்சியைக் கண்டித்து ஒரு கடிதமும் எழுதி வைத்துவிட்டுப் போனான். அவர்கள் எழுதிக் கொடுத்த ஏட்டுக்கு அவன் பதில் அந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்ளலாம். 1792 செப்டம்பர் 21 அன்று முடியாட்சி ஒழிந்தது.

போகிற போக்கில் ஒன்று. ‘ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்’ என்று ராணி சொன்னதாக நடத்தாதீர்கள். ராணி மரீ அந்துவானெத் ஆஸ்திரியாவில் சிறுமியாக இருந்தபோதே தத்துவஞானி ரூஸோ அந்த வசனத்தை யாரோ ஒரு இளவரசி சொன்னதாக எழுதிவிட்டார்.

உங்கள் மூத்த ஆசிரியர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, அவரைச் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். ஏனென்றால் நான் சொல்லப்போகும் யோசனை அவருக்குப் பிடிக்காது. ஒரு பீரியடு, பிள்ளைகளை ஐந்தைந்து பேராக உட்கார வைத்து, பள்ளியைப் பற்றிக் குறை ஏடு எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதட்டும், மற்ற நால்வர் சொல்லட்டும். பெயர் போட வேண்டாம். பிறகு எல்லா ஏட்டையும் உரக்கப் படியுங்கள். தன் மனசில் மட்டும் இருந்ததாக நினைத்த குறையை அடுத்த குழுவும் எழுதியிருக்கும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைக் காட்டி, 1789 ஏப்ரலில் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னால் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

ஒன்று மட்டும். எழுதச் சொல்லிவிட்டு ஏட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள் என்றால் லூயி செய்ததையே செய்கிறீர்கள். ஒரு குறையாவது தீர வேண்டும். பெண்கள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் முதலிடத்தில் வரும் என்று பந்தயம் கட்டுகிறேன், எந்தப் பள்ளியாக இருந்தாலும். அதனால் பீரியடுக்கு முந்தின நாளே தலைமையாசிரியரிடம் பேசி, தச்சருக்கான பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.