வியாழன் பக்கத்தில் நிற்பது யார்?

கேள்வி: 2024 டிசம்பரில் வியாழனுக்கு அருகே செம்மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அது செவ்வாயா?

இல்லை, ரோகிணி. ஆங்கிலப் பெயர் அல்டெபரான். செவ்வாய் அப்போது கடகத்தில் இருந்தது. அந்த மாதம் வியாழனின் ஒளி சுமார் 34 நிமிடத்தில் நம்மிடம் வந்தது. ரோகிணியின் ஒளியோ கிளம்பி 65 ஆண்டு ஆகியிருந்தது. இரண்டும் ஒரே திசையில் இருந்தன, அவ்வளவுதான்.

கேள்வி: வெள்ளியை ஒட்டி சிரியஸ் நட்சத்திரத்தைப் பார்த்ததாக நண்பர் சொல்கிறார். சாத்தியமா?

வாய்ப்பே இல்லை. கிரகங்கள் சூரியன் போகும் பாதையை ஒட்டியே நகர்கின்றன. சிரியஸ் அந்தப் பாதையிலிருந்து சுமார் 40 பாகை தெற்கே இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் நான்கு முஷ்டி அகலம். கிரகத்துக்குப் பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் தெரிந்தால் முதலில் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை இந்த நான்கையும் நினையுங்கள். அப்புறம் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள்.

கேள்வி: மின்னினால் நட்சத்திரம், மின்னாவிட்டால் கிரகம். சரிதானே?

உச்சி வானில் பெரும்பாலும் சரி. அடிவானத்தில் கிரகமும் மின்னும்.

கேள்வி: பைனாகுலரில் வியாழனோடு ஒரே வரிசையில் ஐந்து புள்ளிகள் தெரிந்தன. பெரிய நிலாக்கள் நான்குதானே?

ஐந்தாவது, பின்னணியில் இருக்கும் நட்சத்திரமாக இருக்கலாம். இதற்கு நான் நம்பும் ஒரே வழி, காகிதத்தில் வரைந்து வைத்து அடுத்தடுத்த இரவுகளில் ஒப்பிடுவது. நிலாக்கள் இடம் மாறினாலும் வியாழனை விட்டுப் போகாது. அவற்றில் ஐயோ (Io) என்ற நிலா 42 மணி நேரத்தில் ஒரு சுற்றே முடித்துவிடும். நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கும், வியாழன் அதை விட்டு விலகும்.

1612 டிசம்பரில் கலிலியோ வியாழனின் நிலாக்களைக் குறித்தபோது பக்கத்தில் ஒரு 'நட்சத்திரத்தையும்' குறித்தார். அது நெப்டியூன்! அடுத்த ஜனவரியில் அதை மறுபடி பார்த்தபோது, அருகிலிருந்த நட்சத்திரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி முந்தைய இரவிலிருந்து மாறியதுபோல் இருப்பதாகக்கூட எழுதினார். அதைத் தொடர்ந்து பார்த்திருந்தால்! நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட 1846 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு இரவோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கிரகம் நட்சத்திரத்தை மறைத்துவிடுமா?

அபூர்வமாக நடக்கும். 1959 ஜூலை 7 அன்று வெள்ளி மக நட்சத்திரத்தை மறைத்தது. வெள்ளியின் காற்றுமண்டலத்தை ஆராய அது வானியலாளர்களுக்கு உதவியது. வெள்ளி மகத்தை அடுத்து மறைக்கப்போவது 2044 அக்டோபரில்.