ஸ்டார்ட் ஆகாத மெசின்கள்: இந்த முறை வந்த கேள்விகள்

வாடை அடிக்கத் தொடங்கினால் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருந்து மூதூர் வரைக்கும் பட்டறைக்கு ஒரு மெசினாவது படுத்து விடும், எனக்கும் கேள்விகள் குவியும். பதிலுக்கு முன் என் வழக்கமான பல்லவி: மெசினைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. கழற்றிய பிளக் உங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்க வேண்டும்.

உப்புவெளி: நாலு அங்குலக் கிரைண்டர். நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று சுவிச் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. மோட்டர் எரிந்து விட்டதா?

எரிந்திருந்தால் மணந்திருக்கும், தம்பி. முதலில் கார்பன் பிரஷைப் பாருங்கள், மோட்டரின் சுற்றும் பகுதியைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கரிக்கட்டை அது. பல கிரைண்டர்களில் பிரஷுக்குள் ஒரு சின்ன முளை இருக்கும், கார்பன் தேய்ந்து கட்டையானதும் அது வெளியே தள்ளிக்கொண்டு வந்து தொடர்பைத் துண்டித்து விடும், அதனால்தான் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நிற்கிறது. ஐந்தாறு மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து. பிரஷ் நீளமாகவே இருந்தால் அது கூட்டுக்குள் இறுகி நிற்கிறதா, ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்து விட்டதா என்று பாருங்கள், கடற்கரைப் பக்கம் அது சாதாரணம். ஆமேச்சரின் (மோட்டருக்குள் சுற்றும் பகுதி) செப்புப் பகுதி கறுத்திருந்தால் மரத்துக்குப் போடும் மெல்லிய சான்ட் பேப்பரால் துடைக்கலாம். எமரித் தாள் வேண்டாம், அதன் தூள் செப்புப் பட்டிகளுக்கு இடையில் போய் உட்கார்ந்து வேறு வினை செய்யும்.

சாம்பல்தீவு: புது ட்ரில், சுவிச்சை அழுத்தவே முடியவில்லை. பழுதான சாமானைத் தந்து விட்டார்களா?

முன்பக்கம், பின்பக்கம் சுற்ற வைக்கும் நெம்பு நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் தள்ளுங்கள்.

ஊர் பெயர் இல்லை: மெசின் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

என்ன மெசின்? சத்தம் வருகிறதா, மணம் வருகிறதா, அதே பிளக்பொயிண்டில் வேறு சாமான் வேலை செய்கிறதா? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் சோழி போட்டுத்தான் பார்க்க வேண்டும். சரி, சுவரில் இருந்து தொடங்குங்கள்: பிளக்பொயிண்ட், சதுரப் பின் பிளக் என்றால் அதற்குள் இருக்கும் பியூஸ், பிறகு வயர், பிறகு சுவிச், கடைசியாக மோட்டர். வயர் அநேகமாக மெசினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பருக்கு உள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. டெஸ்டர் எரிகிறது, ஆகவே கரண்ட் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும், மெசின் ஓடாது. மீற்றர் வைத்து இரண்டு வயருக்கும் இடையில் 230 வோல்ட் அளவில் வருகிறதா என்று பாருங்கள்.

கந்தளாய்: தச்சுப் பட்டறை. இரண்டு எச்.பி. மேசை வாள் உறுமுகிறது, சுற்றவில்லை. பெல்ட்டைக் கையால் இழுத்து விட்டால் ஓடுகிறது. இப்படியே சமாளிக்கலாமா?

ஐயா, அந்தக் கையை முதலில் எடுங்கள். இழுத்து விட்டால் ஓடுகிறது என்றால் மோட்டர் சுகமாக இருக்கிறது, ஸ்டார்ட் பண்ணும் பகுதிதான் போய்விட்டது: ஒன்று கெப்பாசிட்டர் (கரண்டைத் தேக்கி வைத்து மோட்டரைக் கிளப்பும் உருளை), இல்லாவிட்டால் மோட்டரின் பின்மூடிக்குள் இருக்கும் சுழல்விசைச் சுவிச் (மோட்டர் வேகமெடுத்ததும் ஸ்டார்ட் பகுதியைத் துண்டித்து விடுவது). மரத்தூள் பறக்கும் இடத்தில் நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன், அதன் தொடுமுனைகளுக்கு இடையில் தூள் புகுந்து விடும். கெப்பாசிட்டர் வீங்கியோ கசிந்தோ இருந்தால் மாற்றுங்கள். மைக்ரோபராட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட. தொடும் முன் பிளக்கைக் கழற்றி (ஆம், மறுபடியும்), கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் கரண்டை ஒரு பழைய குண்டு பல்பை அதன் இரு முனைகளுக்கும் பிடித்து இறக்கி விடுங்கள்.

பின்னேரத்தில் மட்டும்தான் உறுமுகிறதா? அப்படியானால் வோல்டேஜைப் பாருங்கள். 180க்கு இறங்கினால் மோட்டரின் இழுவை ஏறத்தாழ அறுபது வீதமாகி விடும். அதற்கு மேல் முப்பது மீற்றர் மெல்லிய எக்ஸ்டென்சன் வயரும் போட்டிருந்தால் மோட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

தம்பலகாமம்: பெஞ்ச் ட்ரில். பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. வயரிங்காரர் "அந்தச் சுவிச்சைத் தூக்கிப் போட்டு டைரக்ட்டாகக் கொடுப்போம்" என்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. இந்த டைரக்ட் கதையைக் கேட்டாலே எனக்கு விசர் வரும். திருகோணமலையில் பாதிப் பட்டறைகளில் இதைச் செய்து வைத்திருக்கிறார்கள், லைட்டுக்குப் போடும் சுவிச்சை இரண்டு எச்.பி. மோட்டருக்குப் பூட்டியவர்களும் உண்டு, கேட்டால் "இப்ப ஓடுதுதானே அண்ணை" என்பார்கள். ஓடுகிறது, எப்போது ஓடும் என்பதுதான் பிரச்சினை. அந்தச் சுவிச்சுக்குள் ஒரு சுருள் இருக்கிறது. கரண்ட் இருக்கும் வரை அது தொடுமுனையைப் பிடித்து வைத்திருக்கும், கரண்ட் போனால் விட்டு விடும். திரும்ப வந்தாலும் நீங்களாகப் பச்சையை அழுத்தினால்தான் மெசின் சுற்றும். 2022இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் கரண்ட் போனதை மறந்து விட்டீர்களா? கரண்ட் இல்லை என்று பையன் குனிந்து சக்கில் (பிட்டைப் பிடிக்கும் தாடை) பிட் மாற்றிக் கொண்டிருப்பான், டைரக்ட் கொடுத்த ட்ரில் அந்த நேரம் பார்த்துத் தானாகச் சுற்றும். கையுறை போட்டிருந்தால் இன்னும் மோசம், கையோடு சேர்த்து இழுத்துக் கொள்ளும். சுற்றும் ட்ரில்லுக்குக் கையுறை போடாதீர்கள் என்று எத்தனை தரம் எழுதுவது.

சரி, உங்கள் ட்ரில்லுக்கு வருவோம். பெல்ட் மூடி முழுதாக மூடியிருக்கிறதா? பல பெஞ்ச் ட்ரில்களில் அந்த மூடிக்குக் கீழே ஒரு சின்னச் சுவிச் உண்டு, மூடி சரியாக உட்காராவிட்டால் சுருளுக்குக் கரண்ட் போகாது, நீங்கள் சொன்னபடியேதான் நடக்கும். மூடி சரி என்றால் வோல்டேஜ், அதுவும் சரி என்றால் சுவிச்சுக்குள் தூள். கடைசியாக, பிளக்கைக் கழற்றி விட்டுச் சுருளை மீற்றரால் ஓம் (மின்தடை) பாருங்கள், முள் அசையாவிட்டால் எரிந்து விட்டது. அதே மாதிரி சுவிச் கடைகளில் கிடைக்கும், வாங்கிப் பூட்டுங்கள், வயரிங்காரருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள்.

மூதூர்: பைபர் வள்ளம் தேய்க்கும் கிரைண்டர். சுவிச் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிச் விழுகிறது. ட்ரிப் சுவிச்சை மாற்றவா?

அது தன் வேலையைத்தான் செய்கிறது. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழுவது, உங்கள் கிரைண்டரில் அவ்வளவு கசிகிறது. உப்பு ஈரமும் வள்ளத்தின் தூளும் உள்ளே சேர்ந்தால் இதுதான் கதி. வெளிக்கூட்டைக் கழற்றி, காற்றடித்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள். அப்புறமும் விழுந்தால் மோட்டரின் செப்புக் கம்பிச் சுற்று போயிருக்கிறது, திருத்துகிறவரிடம் கொடுங்கள். இனிமேல் கரை மணலில் வைக்காதீர்கள்.

கிண்ணியா: 48 வோல்ட் என்று எழுதிய பற்றரி ட்ரில், லைட் எரிகிறது, சுற்றவில்லை.

நானா, பற்றரிக்குள் ஒரே வரிசையில் ஐந்து செல் இருந்தால் அது 18 வோல்ட்தான், வெளியில் என்ன எழுதினாலும். ஒரு செல் செத்தாலும் லைட் எரியும், மோட்டரை இழுக்காது. வேறு பற்றரி போட்டுப் பாருங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் வைத்திருந்தால் ஆற விட்டுப் பாருங்கள்.

சீனன்குடா: ஆமேச்சர் எரிந்து விட்டது என்கிறார்கள். கம்பியைத் திரும்பச் சுற்றக் கொடுப்பதா, புதிது வாங்குவதா?

நாலு அங்குலக் கிரைண்டர் என்றால் சுற்றும் கூலியை முதலில் கேளுங்கள், புது ஆமேச்சரின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதைப் போடுங்கள். பெரிய ஏழு அங்குலம், ஒன்பது அங்குலம் என்றால் சுற்றலாம், ஆனால் பெயரிங்கையும் பிரஷையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். பழைய பெயரிங்கோடு திரும்பி வந்தால் வாங்காதீர்கள்.