மரப்பொந்து நுளம்பு தனி இனமா? கொழும்பில் அது உண்டா?

மரப்பொந்தில் முட்டையிடும் நுளம்பு தனி இனமா, அதை ஓரிடத்தில் ஈடிஸ் என்றும் இன்னோரிடத்தில் ஸ்டெகோமியா என்றும் ஏன் எழுதுகிறார்கள், கொழும்பில் அது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கோடியில் ஒரு மரம் நிற்கிறது, அதை வெட்டச் சொல்லி யாரோ நெருக்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மரப்பொந்து என்பது இருப்பிடம், இனப்பெயர் அல்ல. ஆங்கில நூல்கள் 'மரப்பொந்து நுளம்பு' என்று அழைக்கும் ஈடிஸ் டிரைசீரியேட்டஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரியது. அதற்கும் நமக்கும் தொடர்பில்லை. கொழும்பு மரங்களில் நீங்கள் காணக்கூடியது பெரும்பாலும் ஈடிஸ் அல்போபிக்டஸ். 1894இல் பூச்சியியலாளர் ஸ்கூஸ் கல்கத்தா மாதிரிகளைக் கொண்டு கியூலெக்ஸ் அல்போபிக்டஸ் என்று இதற்குப் பெயரிட்டார். 1901இல் தியோபால்ட் உருவாக்கிய, இந்த நுளம்பு அடங்கும் ஸ்டெகோமியா பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) பிற்பாடு ஈடிஸ் பேரினத்துக்குள் ஒரு பிரிவாக, அதன் துணைப்பேரினமானது. 2004இல் ரெய்னர்ட் குழுவினர் அதை மறுபடி தனிப் பேரினமாக உயர்த்தினார்கள். 2015இல் வில்கர்சன் குழுவினர் திரும்ப ஈடிஸுக்குள் சேர்த்தார்கள். ஆகவே நீங்கள் பார்த்த இரண்டு பெயர்களும் ஒரே நுளம்புக்குரியவை.

இனி என் கதை. நான் உயர்தர வகுப்புகளுக்கு இருபத்தேழு வருடம் விலங்கியல் படிப்பித்தவள். கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியொன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். பின்பக்கம் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரம், தொடர்மாடி எழும்புவதற்கு முன்பே அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கன்று கொண்டுவந்து நட்டது. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவான அந்த வருடம், இரண்டாம் மாடிப் பையன் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சுகாதாரப் பரிசோதகர்கள் வந்தார்கள். மாமரத்தின் கவட்டுப் பொந்தில் குடம்பி, அதாவது நுளம்புப் புழு, இருந்தது. ஒரு தாளைத் தந்துவிட்டுப் போனார்கள். அன்றிரவே மரத்தை வெட்ட வேண்டும் என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். பையனின் தாய் என்னைப் பார்த்து, "டீச்சர், உங்களுக்கு மரம் பெரிதா, என் பிள்ளை பெரிதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

மறுநாள் காலை சிரிஞ்சில் சேலைன் குழாய்த் துண்டை மாட்டிப் பொந்துத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தேன். தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. ஜாம் போத்தலில் விட்டு, வாயை வலைத்துணியால் கட்டி வைத்தேன். வெளிவந்த நுளம்புகளின் முதுகில், தலையிலிருந்து பின்னோக்கி ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அல்போபிக்டஸ்தான். செம்பழுப்பாக ஒரு பெரிய குடம்பியும் இருந்தது. அது மற்றக் குடம்பிகளைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. டொக்சோரின்கைட்டஸ் பேரினம், வளர்ந்த பின் இரத்தமே குடிக்காத நுளம்பு. பொந்தில் இருப்பதெல்லாம் நம் எதிரி அல்ல.

அதோடு விடாமல் வீடு வீடாகக் கேட்டு ஏறி இறங்கினேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும், ஒரு வீட்டுச் சாமியறைப் பூச்சாடியிலும் குடம்பி கிடைத்தது. என் பழைய நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். குடம்பி வயிற்றின் எட்டாம் துண்டத்தில் சீப்புப் போல வரிசையாக உள்ள பற்கள் அல்போபிக்டஸில் பக்கக் கிளையில்லாத முள்ளாக இருக்கும். இவற்றிலோ பக்கங்களில் தடித்த முட்கள். டெங்கைப் பரப்புவதில் முதலிடத்திலுள்ள ஈடிஸ் எஜிப்டி. மாமரத்தில் அல்ல, வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த கூட்டம்.

பையனைக் கடித்தது எது என்று நான் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. அல்போபிக்டஸும் டெங்கைப் பரப்பும். பொந்தை அப்படியே விடுங்கள் என்று நான் எழுதியதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மரத்தை வெட்டினால் டெங்கு போய்விடும் என்று நம்பி, பூச்சாடியை மறந்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தத் தாள் தனிச் சிங்களத்தில் இருந்தது. எட்டு வீட்டில் ஆறு வீடு தமிழ். எழுத்துக்கூட்டி வாசித்தவர் ஒருவர் 'மரம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்து, வெட்டச் சொல்லியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். சந்திக் கடைக்காரரிடம் கொடுத்து முழுவதையும் வாசிக்கக் கேட்டேன். தண்ணீரை அகற்றிப் பொந்தை அடைக்கும்படி மட்டுமே இருந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. முப்பது வருடம் கழித்தும், உயிர் சம்பந்தமான ஓர் அறிவித்தலைத் தமிழில் தர முடியவில்லையா? அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பொந்து வற்றிவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மழைத்தண்ணீர் தொட்டால் பொரிக்கும். தென்கிழக்காசியக் காட்டு நுளம்பான அல்போபிக்டஸ் பழைய டயர்களில் ஏறிக் கடல் கடந்தது இந்த வல்லமையால்தான். அல்பேனியாவில் 1979இலும், அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1985இலும் கண்டுபிடித்தார்கள். ஆகவே தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது. நான் பொந்தை விளிம்புவரை மணலால் நிரப்பினேன். மணல் இறங்கும், ஏப்ரல் கடைசியிலும் செப்டெம்பரிலும், பெருமழை தொடங்குமுன், மேலே போட்டுக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தந்த தாளை முதலில் சரியாக வாசிப்பியுங்கள். பொந்தின் ஆழத்தையும் அகலத்தையும் ஒரு குச்சியால் அளந்து கீழே எழுதினால், எவ்வளவு மணல் வேண்டும் என்று சொல்கிறேன்.